கயிறு பிடிக்கிறவர்

1

எங்கள் ஊரில் கடல் கிடையாது. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால்தான் புதுச்சேரியில் அலையைப் பார்க்கலாம். இங்கே இருப்பது நெருப்பு. பஞ்சபூதத் தலங்களில் அக்கினிக்கு உரிய ஊர். தண்ணீர் என்றால் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், வெளியே அய்யங்குளம், ஊரைத் தாண்டினால் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே கிணறுகள்.

நான் நீச்சல் கற்றது அப்படி ஒரு கிணற்றில். தாய்மாமா என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் ஒரு சுரைக்குடுக்கையையும் சேர்த்துக் கட்டி, படியிலிருந்து தள்ளிவிடுவார். கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருக்கும். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருப்பார். நான் மேலே ஏறி வந்து துண்டைக் கட்டும்வரை அது காதிலேயேதான் இருக்கும். "கவுறு புடிக்கிறவன் பீடி புடிக்கக் கூடாதுடா மாப்ள" என்பார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பதினேழு வயதில் நாங்கள் நான்கு பேர், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் குளிக்கப் போனோம். மழைத்தண்ணீர் தேங்கி பச்சையாக நின்றது. நான்கு பேருக்கும் நீச்சல் தெரியும். அவனுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பாறை மேலிருந்து குதித்தான், இரண்டு முறை மேலே வந்தான், மூன்றாவது முறை வரவில்லை. அவன் வரவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே நேரமாயிற்று. நான் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மற்ற இரண்டு பேர் நினைத்தார்கள். அவர்களில் யாரோ பார்ப்பதாக நான் நினைத்தேன்.

போலீஸ், தீயணைப்பு வண்டி, அவன் அம்மா என்று அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுத இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி கூடவே இருந்தது: ஒருத்தன் தண்ணீருக்குள் இறங்கும்போது, அவனைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை? பல வருடம் கழித்துப் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்கப் போனபோது, முதல் வகுப்பிலேயே அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. 'பட்டி' என்றார்கள். ஆட்டுப்பட்டி இல்லை, ஆங்கிலத்தில் கூட்டாளி. தனியாக யாரும் இறங்கக் கூடாது. இறங்கும் முன்பே, இன்னாருக்கு இன்னார் கூட்டாளி என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் லண்டனுக்குப் போகும் என்று நினைத்தேன். போனது. ஆனால் அதற்கு முன்னால் தூத்துக்குடிக்குப் போனது.

2

மன்னார் வளைகுடாவில் மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முத்துக்காக இறங்க ஆரம்பித்து ஏறக்குறைய 2000 வருடமாவது ஆகியிருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. போகிற போக்கில் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறது: அந்த வேலையைச் செய்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள். பாண்டியர் முத்தின் பெருமையைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு இந்தச் செய்தி கொஞ்சம் தொண்டையில் சிக்குகிறது. உயிர் போனால் பரவாயில்லை என்று கருதப்பட்டவர்களைத்தான் முதலில் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்லும் காட்சி வேறு. அவர் காலத்தில் குளிப்பவர்கள் வணிகர்கள் கூலிக்கு அமர்த்தியவர்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மீன்கள் குளிப்பவர்களை அண்டாதபடி மந்திரம் போட்டுக் கட்டும் ஆட்களுக்கு. பாதுகாப்புக்கென்று ஒரு ஆள், அவருக்கென்று ஒரு சம்பளம். நான் படித்தவற்றில் இந்தத் தொழிலில் அப்படி ஒரு ஏற்பாடு கண்ணில் படுவது இங்கேதான்.

இந்த மந்திரக்காரர்களுக்குப் பின்னாளில் 'கடல்கட்டி' என்று பெயர். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்க முத்துக்குளிப்பை நடத்திய ஆங்கிலேய அதிகாரிகளும் இவரை விடாமல் வைத்திருந்தார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததால் இல்லை. கடல்கட்டி வராமல் குளிப்பவர்கள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள் என்பதால். இதை மூடநம்பிக்கை என்று கடந்துபோவது சுலபம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 'இன்றைக்கு இறங்கலாம்' என்று ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இறங்கக் கூடாது. அந்த அதிகாரம் படகுக்காரரிடமோ வணிகரிடமோ இல்லாமல் மூன்றாவது ஒருவரிடம் இருந்தது. இன்றும் நல்ல டைவிங் படகில் அப்படி ஒருவர் இருக்கிறார். மந்திரத்துக்குப் பதில் அவர் அலையையும் நீரோட்டத்தையும் பார்க்கிறார்.

படகுக்குள் என்ன நடந்தது என்பதை 1800-ஐ ஒட்டிய ஆங்கிலக் குறிப்புகளிலிருந்து தெளிவாகவே தெரிந்துகொள்ளலாம். நள்ளிரவு வாக்கில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் கிளம்பும். விடியும்போது பாரில் இருக்கும். பார் என்பது கடலடியில் சிப்பி படிந்திருக்கும் மேடு. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தொலாயிரம் பார் அதில் பேர்போனது. ஆழம் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்துப் பாகம். இன்றைய கணக்கில் 9 முதல் 18 மீட்டர். படகுக்கு ஐந்து கல், ஒரு கல்லுக்கு இரண்டு குளிப்பவர்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலைப்பையோடு சரசரவென்று அடிக்குப் போவார். அடியைத் தொட்டதும் கல்லை விடுவார், மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், கொஞ்சம் கூட. கைக்கு வந்த சிப்பியை அள்ளிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார்.

அந்தச் சுண்டலுக்காகக் காத்திருப்பவரைத்தான் ஆங்கில ஆவணங்கள் 'மண்டக்' என்று எழுதுகின்றன. படகில் பத்துக் குளிப்பவர்கள் என்றால் பத்து மண்டக்குகள். பாதிக்குப் பாதி. கடலுக்குள் ஒரு ஆளை அனுப்ப மேலே ஒரு ஆள் தேவை என்பது அன்றைக்குச் சட்டம் போட்டு வந்ததில்லை, தொழிலின் அமைப்பே அப்படி. கயிறு பிடிக்கிறவர் வேடிக்கை பார்க்க முடியாது. கைதான் அவருக்குக் காது.

தமிழ்நாட்டில் பல பேர் ஒரு கதை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முத்துக்குளிக்கப் போகிறவன் கயிற்றைத் தன் மச்சான் கையில்தான் கொடுப்பான். அண்ணன் தம்பியிடம் கொடுத்தால் சொத்துக்காக விட்டுவிடலாம். மனைவியின் சகோதரன் விடமாட்டான், விட்டால் தாலியறுவது அவன் தங்கச்சி. கல்யாண வீடுகளில் மச்சானுக்கு மரியாதை செய்யும்போது இந்தக் கதையை மைக்கில் சொல்வார்கள். அரசு ஆவணங்களோ கயிறு பிடிப்பவரைக் கூலியாகவும் பங்காகவும் மட்டுமே பார்க்கின்றன, உறவு அவற்றின் கணக்கில் வருவதில்லை. எல்லாப் படகிலும் மச்சான்களே கயிறு பிடித்தார்கள் என்று நான் நம்பவில்லை. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபு நாட்டிலிருந்து வந்தவர்களும் ஒரே பருவத்தில் குளித்த இடத்தில் அது சாத்தியமும் இல்லை.

ஆனாலும் கதை ஒரு உண்மையைச் சொல்கிறது. ஆழத்தில் இருப்பவன் கேட்கும் கேள்வி, 'மேலே இருக்கிறவன் கெட்டிக்காரனா?' என்பது இல்லை. 'நான் செத்தால் அவனுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா?' என்பதுதான். உறவு அதற்கு ஒரு பதில். சிப்பியில் அவருக்கும் பங்கு என்பது இன்னொரு பதில்.

1905-இல் இலங்கையின் மறிச்சுக்கட்டிக் கரையில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். வெறும் மணல்மேட்டில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்து, பருவம் முடிந்ததும் மறைந்தது. அதற்குப் பின் பார்கள் வறண்டன. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. கல்லும் கயிறும் அதோடு ஓய்ந்தன.

3

அதற்குள் உலகின் இன்னொரு பக்கத்தில் கயிறே தேவையில்லை என்று ஆகியிருந்தது. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து, கேட்கும்போது மட்டும் காற்றைக் கொடுக்கும் ஒரு வால்வைச் செய்து முடித்தார்கள். முதுகில் உருளை, வாயில் குழாய். அக்வாலங் என்று பெயர். மனிதனால் மீனைப் போலத் திரும்பவும் நிற்கவும் முடிந்தது. மேலே யாரும் இழுக்க வேண்டாம். மேலே யாரும் இருக்கவே வேண்டாம்.

சிக்கல் அங்கேதான். இந்தக் கருவி இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் தலைகீழாக்கியது. ஒன்று, மூச்சு. ஆயிரம் வருடமாக நல்ல முக்குளிப்பவன் என்றால் மூச்சை அடக்கத் தெரிந்தவன். ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. காரணம் எளிது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முத்துக்குளிப்பவர் மேலேயே இழுத்த காற்றோடு போகிறார். அது அடியில் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். ஸ்கூபாக்காரர் 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய அழுத்தக் காற்றை இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அது இரண்டு மடங்காகும். நுரையீரல் அதைத் தாங்காது. எங்கள் ஊரில் பிராணாயாமம் சொல்லித்தர தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அந்தப் பழக்கத்தோடு கடலுக்குப் போனால் ஆபத்து.

இரண்டாவது, கயிறு. அது போனதும் கயிறு பிடிக்கிறவரும் போனார். பட்டாளத்தில் மேலதிகாரி இருப்பார், கூலித் தொழிலில் மேஸ்திரி இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காகக் கடலில் இறங்கும் ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் யார் இருக்கிறார்? அந்தக் காலியிடத்தில்தான் கிளப் பிறந்தது. 1953-இல் லண்டனில் ஆஸ்கர் குகென், பீட்டர் ஸ்மால் என்ற இருவர் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைத் தொடங்கினார்கள். கிளை கிளையாகப் பிரிந்து, நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கடல். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத பழைய உறுப்பினர்கள். காற்று நிரப்பும் இயந்திரம் பொது, படகு பொது. ஒவ்வொரு இறக்கத்தையும் நோட்டில் எழுதிக் கூட்டாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1960-இல் நாவி, 1966-இல் பாடி என்ற பயிற்சி அமைப்புகள் வந்தன. இன்று புதுச்சேரியிலும் அந்தமானிலும் கொடுக்கப்படும் அட்டைகள் அந்த மரபின் பிள்ளைகள்.

கிளப் என்றதும் நமக்கு சீட்டாட்டமும் பிறந்தநாள் கேக்கும் ஞாபகம் வரும். இங்கே அதன் வேலை வேறு. முன்பின் தெரியாத ஒருவரை, சில வாரங்களில், நாம் கயிற்றைக் கொடுக்கக்கூடிய மச்சானாக மாற்ற வேண்டும். சேர்ந்து டீ குடிப்பதும், படகில் வாந்தி எடுப்பவரின் தலையைப் பிடிப்பதும், ஈர உடையைக் காயப்போட்டுவிட்டு ஒருவர் செய்த தவறை எல்லோரும் பேசுவதும் அந்த மாற்றத்தின் பகுதிகள்தான்.

ஆனால் தெரிந்திருப்பது மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் இதே கிளப்பின் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1962 டிசம்பர் 3 அன்று கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்னஸ் கெல்லரோடு ஒரு கூண்டில் 1,000 அடி ஆழத்துக்கு இறங்கினார் பீட்டர் ஸ்மால். அன்றைக்கு யாரும் போகாத ஆழம். கெல்லர் பிழைத்தார். ஸ்மால் இறந்தார். கூண்டைச் சரிபார்க்க நீரில் இறங்கிய கிறிஸ்டோபர் விட்டேக்கர் என்ற 19 வயது இளைஞர் திரும்பவே இல்லை. பாதுகாப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்ன கிளப்பின் நிறுவனர் அவர். சாதனை என்ற ஆசை வந்தால் விதிகளை எழுதியவருக்கும் விதிவிலக்கு கிடையாது.

4

அந்த லண்டன் கிளப்பின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். அறிவியல் புனைகதை படிக்கிறவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். அவரும் மைக் வில்சன் என்ற இளைஞரும் 1954 கடைசியில் ஆஸ்திரேலியப் பவளப் பாறைகளை நோக்கிக் கப்பலேறினார்கள். வழியில் கொழும்பில் இறங்கியபோது ராட்னி ஜொங்க்ளாஸ் என்ற உள்ளூர் முக்குளிப்பாளரைச் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பு முக்கியமானது. வெளிநாட்டுக் கருவிக்கு, இந்தக் கடலை அறிந்த ஒருவர் கிடைத்தார். 1956-இல் இருவரும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள்.

அந்த வருடம் திருகோணமலையில், கோணேசர் கோயில் பாறைக்குக் கீழே அவர்கள் இறங்கினார்கள். அது சம்பந்தர் பாடிய தலம். எங்கள் ஊர்க்காரரான அருணகிரிநாதரும் அதற்கு ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். 1620-களில் போர்த்துக்கீசியர் அந்தக் கோயிலை இடித்து, கற்களைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் கடலுக்குள் போனது. முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தத் தூண்கள் அங்கே கிடக்கின்றன என்பதை ஊர் நம்பியது, கண்ணால் பார்க்க முடியவில்லை. முதுகில் காற்றோடு போனவர்கள் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். செதுக்கிய கற்களின் மேல் பவளம் படிந்திருந்தது. கிளார்க் 1957-இல் வெளியிட்ட இலங்கைக் கடல் பற்றிய புத்தகத்தில் அந்த இறக்கம் இருக்கிறது.

அந்தப் பாறையடிக் கடல் அமைதியானது இல்லை. அலை கல்லில் மோதித் திரும்பும் இடம். அங்கே நின்று ஒரு தூணைப் பார்த்து மெய்மறப்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கூட்டாளி தேவைப்படுவது அந்த மாதிரி நேரத்தில்தான். பயந்தவன் தானே ஜாக்கிரதையாக இருப்பான். பரவசத்தில் இருக்கிறவனுக்குத்தான் அழுத்தமானியைப் பார்க்கச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பாறையிலிருந்து குதித்த என் நண்பனும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தான்.

கிளார்க்குக்கு 1962-இல் கடுமையான போலியோ நோய் வந்தது. நடப்பது சிரமமான பிறகும் அவர் கடலுக்குப் போனார், தண்ணீருக்குள் உடலின் எடை அவரைத் தொந்தரவு செய்யவில்லை. உடன் இறங்க ஆட்கள் இருந்ததால்தான் அது நடந்தது. மைக் வில்சனின் கதை இன்னும் விசித்திரம். 1962-இல் 'ரன்முத்து தூவ' என்ற வண்ணச் சிங்களப் படத்தைக் கடலடிக் காட்சிகளோடு இயக்கினார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் சாமியாரானார். எங்கள் ஊரில் ரமணாசிரமத்துச் சாலையில் காவி கட்டிய வெள்ளைக்காரர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு ஆழத்தைத் தொட்டுவிட்டு வந்தவர்களோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

நம் பக்கக் கரையிலும் அதே காலத்தில் இறங்கினார்கள். மண்டபத்தின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-களில் தூத்துக்குடிக்கு எதிரே ஸ்கூபாவோடு இறங்கி, கடலடியில் கண்டதை எழுதினார்கள். முத்துக்குளிப்பவர்கள் பல நூற்றாண்டு கையால் தடவி அறிந்த பார்கள் அறிவியல் பத்திரிகைக்குள் வந்தன. ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வருவதைப் பார்க்கும்போது எனக்கு, ஒரு கல்லுக்கு இரண்டு பேர் என்ற பழைய கணக்கு நினைவுக்கு வரும்.

5

என் பயிற்சிக்கு வருகிறேன். முதல் நாள் நீச்சல் குளத்தில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகவிட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார்கள். வாயிலிருந்து குழாயைப் பிடுங்கிவிட்டுத் தேடி எடுக்கச் சொன்னார்கள். காற்று தீர்ந்ததாகச் சைகை காட்டி, கூட்டாளியின் உபரிக் குழாயில் மூச்சுவிடச் சொன்னார்கள். எல்லாமே, நடக்கக் கூடாத ஒன்றை நடப்பதற்கு முன்பே பத்துத் தடவை நடத்திப் பார்ப்பது.

சைகைகளில் ஒரு தமிழ்ப் பிரச்சினை உண்டு. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் நாம் தலையை ஒரு மாதிரி ஆட்டுவோம். அது ஆமாவா இல்லையா என்று நமக்கே சில சமயம் தெரியாது. தண்ணீருக்குள் அதற்கு இடமில்லை. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்த வட்டம் என்றால் நலம். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று பொருளில்லை, 'மேலே போவோம்' என்று பொருள். நான் முதல் நாள் ஒரு அழகான மீனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன். என் கூட்டாளி உடனே பயிற்சியை நிறுத்தி என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோபம் வந்தது. மேலே வந்ததும் பயிற்சியாளர் அவரைத்தான் பாராட்டினார். ஒருவர் மேலே போகலாம் என்றால் ஏன் என்று கேட்காமல் இருவரும் போக வேண்டும். விவாதத்தைப் படகில் வைத்துக்கொள்ளலாம்.

கடலில் இரண்டாவது நாள், 12 மீட்டர். வரும்போது 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். இதற்குப் பின்னால் ஆடுகள் இருக்கின்றன. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி நின்று நின்று மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். அழுத்தத்தில் இழுக்கும் காற்றிலிருக்கும் நைட்ரஜன் உடம்பில் கரையும். மெதுவாக வந்தால் மூச்சோடு போய்விடும். அவசரப்பட்டால் கோலி சோடாவைத் திறந்த மாதிரி ரத்தத்திலும் திசுவிலும் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கும் அது சில சமயம் காலையே முடக்கும், உயிரையும் எடுக்கும்.

கரைக்கு வந்ததும் சாயங்காலமே நண்பர்களோடு பைக்கில் ஜவ்வாது மலைக்குப் போகப்போவதாக உற்சாகமாகச் சொன்னேன். பயிற்சியாளர் பக்கத்து மீனவர் குப்பத்துப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். "ண்ணா, வேணாம்ண்ணா" என்றார். "இன்னைக்கு மலை ஏறக் கூடாது. பிளேன் ஏறாதீங்கன்னு சொன்னேன்ல, அதேதான் இது." 300 மீட்டருக்கு மேலே போனாலே டைவிங்கில் அது உயரம் என்ற கணக்கில் வருமாம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். அப்படிப் பார்த்தால் எங்கள் அண்ணாமலை 2,668 அடி, 800 மீட்டருக்கு மேல். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, கடலில் குளித்த அன்று மலை ஏறுவது ஆபத்து என்று சொல்ல ஒரு கடற்கரைப் பையன் தேவைப்பட்டார். அன்றிரவு அவர் எனக்குப் போன் செய்தார். "எங்க இருக்கீங்க?" "வீட்லதான் தம்பி." "சரிண்ணா." அவ்வளவுதான் பேச்சு. கடலை விட்டு நான் நூறு கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகும் கயிறு அவர் கையில் இருந்தது.

6

இதையெல்லாம் பெருமையாக எழுதி முடித்துவிடலாம். முடியவில்லை, ஏனென்றால் என் பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது, அது இருக்க வேண்டியவர்கள் பலரிடம் இல்லை.

மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் இன்றும் பிழைப்புக்காகக் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சங்குகுளிப்பவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். இலங்கையின் வடக்கில் சங்குக்கும் கடலட்டைக்கும் ஸ்கூபா உருளையோடு இறங்குகிறார்கள். ஒரே நாளில் உருளை மாற்றி உருளை மாற்றி இறங்குவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஏறுவதும் நடக்கிறது. எண்ணிக்கைக்குத்தான் காசு. அழுத்த நோயில் கால் விழுந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு இறங்கும் எனக்கு இரண்டு நாள் வகுப்பு, கூட்டாளி, இரவில் ஒரு போன். வருடம் முழுக்க இறங்குகிறவருக்கு, பக்கத்துப் படகில் மூத்தவர் சொன்ன அனுபவம் மட்டும்.

பெரிப்ளஸ் சொன்ன குற்றவாளிகளிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று இதை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கருவி மாறியதை வைத்து இல்லை. கல், கயிறு, வலைப்பை இருந்த காலத்தில் அந்தத் தொழிலுக்குள்ளேயே கயிறு பிடிக்கிறவருக்கும் ஒரு பங்கு இருந்தது. முதலாளிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் இல்லாமல் படகு நகராது. புதுக் கருவி வந்தபோது கரையோரத் தொழிலாளிக்கு உருளை மட்டும் கிடைத்தது. அதோடு சேர்ந்து வந்த அட்டவணையும் கிளப்பும் கூட்டாளியும் ஓய்வு நாளுக்கு இறங்குபவர்களிடம் தங்கிவிட்டன. ஹால்டேனின் அட்டவணை 1908-லேயே இருக்கிறது. அதைத் தமிழில், படகில் ஒட்டிவைக்கும்படி, சங்குகுளிப்பவர் கையில் கொடுப்பதற்குக் கடல் ஒன்றும் ஆழமாக இல்லை.

சென்ற தீபத் திருவிழா முடிந்து அய்யங்குளத்தில் தெப்பம் பார்க்கப் போயிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் தெப்பம் சுற்றி வந்தது, படிக்கட்டெல்லாம் கூட்டம், எல்லோரும் போனை உயர்த்திச் சாமியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படியில், கணுக்கால் அளவு தண்ணீரில், ஒரு தீயணைப்பு வீரர் நின்றிருந்தார். தோளில் சுருட்டிய கயிறு, பக்கத்தில் காற்றடைத்த டியூப். அவர் தெப்பத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரின் ஓரத்தையும் குழந்தைகளின் கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சாமி கும்பிடலையா சார்?" என்றேன்.

"எல்லாரும் கரையேறட்டும்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.